பார்த்ததை எழுதி வையுங்கள்: புதிய இயற்கை நோக்கர்கள் கேட்கும் கேள்விகள்

பறவை, பூச்சி, செடி, தவளை என எதையாவது உற்றுப் பார்க்கத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உயிரியல் படித்தவன் அல்ல. என் குறிப்பால் யாருக்கு என்ன பயன்?

மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் கதையிலிருந்து தொடங்குகிறேன். எடை அரை கிராம்தான். கோடையில் கனடாவிலும் அமெரிக்காவிலும் திரியும் இவை குளிர்காலத்தில் எங்கே போய் ஒதுங்குகின்றன என்பது ஆய்வாளர்களுக்கு நெடுநாள் புதிராக இருந்தது. கனடிய விலங்கியலாளர் பிரெட் அர்க்கார்ட்டும் அவருடைய மனைவி நோராவும் பூச்சியின் இறக்கையில் ஒட்டக்கூடிய சிறு வில்லைகளைத் தயாரித்தார்கள். இருவர் மட்டும் எத்தனை பூச்சிகளுக்கு ஒட்ட முடியும்? 1952இல் பொதுமக்களை உதவிக்கு அழைத்தார்கள். ஆண்டுதோறும் ஊர் ஊராகப் பலர் பிடித்து, ஒட்டி, பறக்கவிட்டார்கள். 1975 ஜனவரியில் மெக்சிகோவின் மலைக்காடு ஒன்றில், மரப்பட்டையே தெரியாதபடி லட்சக்கணக்கான பூச்சிகள் அப்பிக்கிடந்த இடம் தெரியவந்தது. அடுத்த ஆண்டு அர்க்கார்ட் அங்கே போனபோது, தரையில் விழுந்து கிடந்த பூச்சி ஒன்றின் இறக்கையில் வில்லை இருந்தது. அதை ஒட்டியவர்கள் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஆசிரியர் ஒருவரும் அவருடைய மாணவர்கள் இருவரும். (அந்த மலையடிவாரத்துக் கிராமத்தாருக்குப் பூச்சிகளின் வரவு முன்பே தெரியும். அவர்களை யாரும் கேட்கவில்லை என்பது தனிக்கதை.)

இன்னொன்று, சற்றுக் கசப்பானது. ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரில் ஒரு பூச்சியியல் சங்கம் இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் பூச்சி பார்ப்பவர்கள். 1989 முதல் 2016 வரை, பாதுகாக்கப்பட்ட 63 இடங்களில் ஒரே மாதிரியான பொறிகளை வைத்து, விழுந்த பறக்கும் பூச்சிகளை எடைபோட்டுக் குறித்து வந்தார்கள். 27 ஆண்டுகளில் அந்த எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. 2017இல் அந்தக் கணக்கு வெளியானபோது பெரிய ஆய்வகங்களும் திகைத்தன. அவ்வளவு நீண்ட காலத்துக்கு ஒரே முறையில் எடுத்த அளவு வேறு யாரிடமும் அநேகமாக இல்லை. ஆய்வுத் திட்டங்களுக்கு மூன்று, நான்கு ஆண்டுகளில் நிதி தீர்ந்துபோகிறது. ஆசைக்காகப் பார்ப்பவருக்கு அந்தக் கெடு கிடையாது.

எங்கிருந்து தொடங்குவது? அருகில் காடு இல்லையே.

காடு வேண்டாம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டியதில்லை. தினமும் நீங்கள் கடக்கும் ஒரு மரம், ஒரு வேலி, ஒரு சாக்கடை ஓரம், மொட்டைமாடித் தொட்டி, இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஓராண்டு அதையே பாருங்கள். முதல் மாதம் அலுப்பாகத்தான் இருக்கும். பிறகு, இலை துளிர்க்கும் வாரத்தில் எந்தப் புழு வருகிறது, அந்தப் புழுவைத் தேடி எந்தக் குருவி வருகிறது என்பது பிடிபடத் தொடங்கும். பத்துச் சரணாலயங்களுக்குப் பயணம் போய் வந்தவருக்கு இந்தத் தொடர்ச்சி கிடைப்பதில்லை. அவருக்குப் படங்கள் கிடைக்கும்.

என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்?

முதலில் ஒரு குறிப்பேடும் பென்சிலும். பேனா மை நனைந்தால் கரையும், பென்சில் கரையாது. மூன்று மாதம் கழித்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் பைனாகுலர் வாங்கலாம். அதில் 8x42 என்று போட்டிருந்தால், எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். மடங்கு கூடக்கூட நல்லது என்று நினைத்துப் பலர் 12, 16 என்று வாங்குகிறார்கள். கை நடுக்கமும் அதே மடங்கு பெரிதாகும், பார்க்கும் பரப்பும் சுருங்கும். எட்டே போதும். பூச்சி பார்ப்பவர்களுக்குப் பத்து மடங்கு கைவில்லை ஒன்று இருந்தால் தனி உலகமே திறக்கும். கேமரா பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குறிப்பேட்டில் எதையெல்லாம் எழுத வேண்டும்?

நாள், நேரம், இடம், வானிலை, என்ன பார்த்தீர்கள், எத்தனை, அது என்ன செய்துகொண்டிருந்தது. இந்த ஏழும் இருந்தால் உங்கள் வரி நூறு ஆண்டுக்குப் பிறகும் பயன்படும். நான் மிகைப்படுத்தவில்லை. எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1850களில் அமெரிக்காவின் கான்கார்டு ஊரில் எந்தச் செடி எந்த நாளில் பூத்தது என்று எழுதி வைத்திருந்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து ரிச்சர்ட் பிரிமாக் என்ற தாவரவியலாளரும் அவருடைய மாணவரும் அதே ஊரில் அதே செடிகளைப் பார்த்து ஒப்பிட்டார்கள். பல செடிகள் முன்னைவிடச் சராசரியாக ஒரு வாரம் முந்திப் பூக்கின்றன என்று தெரிந்தது. தோரோவுக்குப் புவி வெப்பமாதல் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் நாளைத் தவறாமல் எழுதினார், அவ்வளவுதான்.

எண்ணிக்கையில் நேர்மை வேண்டும். ‘நிறைய’, ‘கொஞ்சம்’ என்று எழுதாதீர்கள். கூட்டம் பெரிதானால் பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அளந்து, அப்படி எத்தனை பத்து என்று எண்ணுங்கள். 340 என்று வந்தால் ‘ஏறத்தாழ 340’ என்றே எழுதுங்கள். பார்த்ததையும் ஊகித்ததையும் பிரித்து எழுதுவது அதைவிட முக்கியம். ‘பெண் பறவை கூட்டுக்குத் தீனி கொண்டுபோனது’ என்று எழுதும் முன், அது பெண்தான் என்று எப்படித் தெரிந்தது, அலகில் இருந்தது தீனியா கூடு கட்டும் நாரா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அன்றே எழுதிவிடுங்கள். நினைவு, இரவோடு இரவாகக் கதையைத் திருத்திவிடும்.

பார்த்த உயிரின் பெயர் தெரியவில்லை. என்ன செய்வது?

பெயரில்லாமலே வர்ணியுங்கள். தெரிந்த ஒன்றோடு அளவை ஒப்பிடுங்கள்: சிட்டுக்குருவியைவிடப் பெரிது, மைனாவைவிடச் சிறிது. அலகு எப்படி, வால் நீளமா, உட்கார்ந்த இடத்தில் வாலை ஆட்டியதா, நடந்ததா தத்தியதா என்று எழுதுங்கள். நிறத்தைக் கடைசியாக எழுதுங்கள். வெளிச்சம் மாறினால் நிறமும் மாறும். நான் இரண்டு ஆண்டுகள் ஒரே இனத்தின் இளம் பறவையை வேறொரு பறவை என்று எழுதிவந்தேன். வர்ணனை இருந்ததால் பின்னால் திருத்த முடிந்தது. வெறும் பெயரை எழுதியிருந்தால் அந்தப் பிழை அப்படியே நிலைத்திருக்கும்.

பெரியவர்கள் சொல்லும் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பறவையைக் கரிச்சான், கரிக்குருவி, இரட்டைவால் குருவி என்று ஆளுக்கொரு பெயரால் அழைக்கிறோம். அதனால்தான் அறிவியல் பெயர் தேவைப்படுகிறது. அதற்காக நம் பெயர்களைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அந்தப் பெயர்களுக்குள் யாரோ ஒருவரின் கூர்ந்த பார்வை இருக்கிறது.

படம் எடுத்தால் செயலி பெயரைச் சொல்லிவிடுகிறதே, அதை நம்பலாமா?

முதல் ஊகமாக எடுத்துக்கொள்ளலாம். தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் நீங்கள் இடும் படத்துக்குக் கணினி ஒரு பெயரைப் பரிந்துரைக்கும். ஆனால் மற்ற நோக்கர்களும் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகுதான் அது ஆய்வுத் தரம் என்ற நிலைக்கு உயரும். பறவைகளுக்கு இபேர்ட் என்ற தளம் இருக்கிறது; 2002இல் தொடங்கியது. அங்கே எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்றும் கேட்பார்கள். சலித்துக்கொள்ளாமல் நிரப்புங்கள். பத்து நிமிடத்தில் மூன்று மீன்கொத்திகளைப் பார்ப்பதும் ஆறு மணி நேரத்தில் மூன்றைப் பார்ப்பதும் ஒன்றல்லவே. பூச்சிகளிலும் காளான்களிலும் செயலி அடிக்கடி தடுக்கி விழும். பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) வரை மட்டும் உறுதி என்றால் அதோடு நிறுத்திக்கொள்வதில் வெட்கம் இல்லை.

காகமும் புறாவும்தான் கண்ணில் படுகின்றன. அதைப் போய் எழுத வேண்டுமா?

அதைத்தான் முதலில் எழுத வேண்டும். வட அமெரிக்காவில் பயணிப் புறா என்று ஓர் இனம் இருந்தது. அக்கண்டத்திலேயே அதிகமாக இருந்த பறவை என்று அதைச் சொல்வார்கள். கூட்டம் பறந்தால் மணிக்கணக்கில் வானம் மறையும். வேட்டையும் காடழிப்பும் சேர்ந்து சில பத்தாண்டுகளில் அதைத் துடைத்துவிட்டன. கடைசிப் பறவையான மார்த்தா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சியகத்தில் இறந்தது. இவ்வளவு இருக்கிறதே, இதை யார் எண்ணுவார்கள் என்ற அலட்சியம் இன்றைக்கும் போகவில்லை. அரியதைப் பார்த்தால் எல்லாரும் எழுதுகிறார்கள். சாதாரணமானது எப்போது குறையத் தொடங்கியது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

இரண்டு மணி நேரம் சுற்றினேன், எதுவுமே கண்ணில் படவில்லை. அன்றைய நாள் வீண்தானே?

இல்லை. ‘6.00–8.00, மேகமூட்டம், தவளைக் குரல் இல்லை’ என்பதும் தகவல்தான். போன ஆண்டு இதே வாரத்தில் கத்தின என்று உங்கள் குறிப்பேடு சொன்னால், அதுதான் அந்த ஆண்டின் முக்கியமான வரியாகக்கூட இருக்கலாம்.

விலங்குக்கு எவ்வளவு அருகில் போகலாம்?

இத்தனை மீட்டர் என்று எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. உங்களால் அது செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டது என்றால் நீங்கள் வரக்கூடாத தூரத்துக்கு வந்துவிட்டீர்கள். மேய்வதை நிறுத்தித் தலை தூக்குவது, கழுத்தை நீட்டுவது, உடலைத் தாழ்த்தி ஒடுங்குவது, ஒரே குரலை விடாமல் எழுப்புவது எல்லாம் நம்மைப் பார்த்துச் சொல்லப்படுபவைதான்.

ஆள்காட்டி என்று தமிழில் பெயர் வைத்தவர் இதை நன்றாகக் கவனித்திருக்கிறார். ஆள் வந்ததும் ஊருக்கே அறிவித்துவிடும். வெட்டவெளித் தரையில் முட்டையிடும் இப்படிப்பட்ட பறவைகளில் சில, இறக்கை ஒடிந்ததுபோல் நடித்துத் தடுமாறி ஓடி, உங்களை வேறு பக்கம் இழுத்துப் போகும். பார்க்கப் பாவமாகவும் வேடிக்கையாகவும் இருக்கும். அந்த நேரம் முழுவதும் அதன் முட்டைகள் வெயிலில் வெந்துகொண்டிருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறோம். அது நடிக்கத் தொடங்கினால், காலடியைப் பார்த்து, வந்த வழியே திரும்பிவிடுங்கள். கூடு எங்கே என்று தேட வேண்டாம்.

கல்லைப் புரட்டித் தேள், பூரான் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல்: புரட்டிய கல்லை இருந்தபடியே, அதே பக்கம் கீழாக, மெதுவாக வையுங்கள். அடியில் இருக்கும் ஈரம் ஒரு முழு ஊருக்குக் கூரை.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கலாமா? ட்ரோன் பறக்கவிடலாமா?

குரலை ஒலிக்கவிட்டால் பறவை வருவது அன்பினால் அல்ல. தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று பதறி வருகிறது. இனப்பெருக்கக் காலத்தில் குஞ்சுக்குத் தீனி தேட வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியைத் துரத்துவதில் செலவழிக்கும். நான் அதைச் செய்வதில்லை. மற்றவர்கள் செய்தால் அங்கிருந்து விலகிவிடுவேன். கூட்டை மறைக்கும் இலைகளைப் படத்துக்காக ஒதுக்குவதும் வெட்டுவதும் இதைவிடக் கெட்டது. அந்த இலைதான் குஞ்சுக்கு நிழலும் மறைப்பும்.

ட்ரோன் விஷயத்தில் ஒரே உதாரணம். 2021 மே மாதம் கலிபோர்னியாவின் போல்சா சிக்கா காப்பகத்தில் ட்ரோன் ஒன்று ஆலாக்கள் கூடு வைத்திருந்த திட்டில் விழுந்தது. வேட்டைப் பறவை பாய்ந்தது என்று நினைத்தோ என்னவோ, ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை விட்டுவிட்டு அவை கூட்டமாக வெளியேறின. திரும்பவில்லை.

அந்துப்பூச்சி பார்க்க வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு வைப்பது நல்ல முறைதான். ஆனால் இரவு முழுக்க எரிய விடாதீர்கள். விடியும்போது துணியில் பூச்சிகள் மிச்சமிருந்தால் பறவைகளுக்குத் தட்டில் பரிமாறியதுபோல் ஆகிவிடும். விளக்கை அணைத்துத் துணியை உதறி, பூச்சிகளைப் புதருக்குள் விட்ட பிறகு தூங்கப் போங்கள்.

தரையில் ஒரு குஞ்சு கிடக்கிறது. வீட்டுக்கு எடுத்துவந்து வளர்க்கலாமா?

பெரும்பாலும் வேண்டாம். உடலில் இறகு மூடியிருந்து, தத்தித் தத்தி நகர்ந்தால் அது பறக்கப் பழகும் குஞ்சு. தாய் தந்தை அருகிலேயே இருக்கும், நீங்கள் போனதும் இறங்கி ஊட்டும். பூனை, நாய், வண்டி அபாயம் இருந்தால் பக்கத்துப் புதரில் தூக்கி வைத்துவிட்டு விலகுங்கள். இறகே முளைக்காத குஞ்சு என்றால் கூட்டைக் கண்டுபிடித்து அதில் திருப்பி வைக்கலாம். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பறவைகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் கட்டுக்கதை. காயம் பட்டிருந்தால் துளையிட்ட அட்டைப்பெட்டி, இருட்டு, அமைதி, பிறகு உடனே மீட்பு மையம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மான், முயல் குட்டிகள் தனியாகக் கிடப்பதைப் பார்த்து இரக்கப்பட்டுத் தூக்கிவிடுகிறார்கள். மணிக்கணக்கில் குட்டியை மறைவில் விட்டுப்போவது அந்தத் தாய்களின் வழக்கம். அங்கே நாம் செய்வதற்குப் பெயர் மீட்பு அல்ல, கடத்தல்.

வௌவாலைப் பொறுத்தவரை வெறுங்கையால் தொடவே கூடாது. அவற்றில் சிலவற்றின் கடியால் வெறிநோய் பரவலாம்.

மிக அரிய ஒன்றைப் பார்த்துவிட்டேன். எல்லாருக்கும் சொல்லலாமா?

பார்த்தேன் என்று சொல்லுங்கள். எங்கே என்று சொல்லாதீர்கள். 1999இல் சீனாவில் ஒரு குகைப் பல்லி இனம் புதிதாக விவரிக்கப்பட்டது. கட்டுரையில் இடமும் இருந்தது. செல்லப்பிராணி வியாபாரிகள் அதைப் படித்துவிட்டுப் போய் அள்ளியதில், விவரிக்கப்பட்ட அந்த இடத்திலேயே அது இல்லாமல் போனது. ஆந்தைக் கூடு, ஆமை, ஆர்க்கிட், வண்ணமயமான தவளை ஆகியவற்றின் இடத்தைப் பகிர்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் அச்சுறுத்தலில் உள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே மங்கலாக்கும். மற்றவற்றுக்கு நீங்களே மறைத்துக்கொள்ளலாம். கைபேசிப் படத்துக்குள்ளும் இடக் குறியீடு ஒளிந்திருக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பொறுப்பான ஆய்வாளருக்கோ வனத்துறைக்கோ முழு விவரத்தையும் கொடுப்பது வேறு, கட்டாயம் கொடுங்கள்.

இறகு, முட்டை ஓடு, கூடு சேகரிக்கலாமா?

உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்த பிறகு. பல நாடுகளில் கீழே கிடந்த இறகை வைத்திருப்பதுகூடக் குற்றம்; அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான பறவைகளுக்கு அப்படித்தான் சொல்கிறது. அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரைந்தால் இன்னும் நல்லது. வரையும் கை, பார்க்காததையெல்லாம் பார்க்க வைக்கும்.

தீனியும் தண்ணீரும் வைப்பது நல்லதுதானே?

தண்ணீர், ஆம், ஆழமற்ற தட்டில், தினமும் கழுவி. தீனி வைத்தால் தட்டின் சுத்தம் உங்கள் பொறுப்பு. பிரிட்டனில் 2000களின் நடுவில் டிரைக்கோமோனோசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் தீனித் தட்டுகள் வழியாகவும் பரவி, கிரீன்ஃபிஞ்ச் என்ற பறவையின் எண்ணிக்கையை வெகுவாகச் சரித்தது. நோயுற்ற பறவை தென்பட்டால் சில வாரங்களுக்குத் தீனியை நிறுத்துங்கள். என்னைக் கேட்டால், தீனியைவிடப் பூச்சிமருந்து அடிக்காத ஒரு செடி மேல். கண்ணாடி ஜன்னலில் பறவைகள் மோதினால், வெளிப்பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ ஒட்டுங்கள். ஒற்றைப் பருந்துப் படத்தை ஒட்டுவதால் பெரிய பயன் இல்லை. அதன் இரு பக்கமும் வெற்றுக் கண்ணாடிதான். வலசைக் காலத்தில் வெளிவிளக்கை அணையுங்கள். பூனையை வீட்டுக்குள் வையுங்கள். இதைச் சொன்னால் பூனை வளர்ப்பவர்கள் என்னோடு பேசுவதில்லை, தெரியும்.

களத்துக்குப் போய்வருவதால் நோய் பரவுமா?

நம்மால் அவற்றுக்குப் பரவும். தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை குறைந்தது 501 இருவாழ்வி இனங்களின் சரிவுக்குக் காரணம் என்றும், அவற்றில் 90 இனங்கள் அழிந்திருக்கலாம் என்றும் 2019இல் வெளியான கணக்கு சொல்கிறது. ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் காலணியையும் வலையையும் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் நனைத்து, காய வையுங்கள். தவளையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றவே மாற்றாதீர்கள். வௌவால் குகைகளுக்கும் இதே எச்சரிக்கை.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா? சத்தம் போடுவார்களே.

போடட்டும். பெரியவர்கள் மரத்தின் உச்சியைப் பார்ப்பார்கள். குழந்தைகள் தரையைப் பார்ப்பார்கள். 2006இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், கிழக்குப் பகுதியிலிருந்து மறைந்தேவிட்டதோ என்று அஞ்சப்பட்ட ஒன்பது புள்ளிப் பொறிவண்டைத் தங்கள் வீட்டருகே கண்டெடுத்தவர்கள் இரண்டு குழந்தைகள். பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். எறும்பு எங்கே போகிறது என்று கேளுங்கள். அரை மணி நேரம் உங்களுக்கு ஓய்வு கிடைக்கும்.

நான் பார்த்துவரும் குளத்தையோ புதரையோ அழிக்கப் போகிறார்கள். என் குறிப்பேடு அதைத் தடுக்குமா?

தனியாகத் தடுக்காது. ஆனால் அது இல்லாமல் தடுப்பது மிகக் கடினம். ‘இங்கே நிறையப் பறவைகள் வரும்’ என்று மனுவில் எழுதினால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். நான்கு ஆண்டுகள், மாதந்தோறும், நாள் நேரத்தோடு எடுத்த எண்ணிக்கையும் படங்களும் இருந்தால், அதிகாரி பதில் எழுதியாக வேண்டும். வழக்குக்குப் போனாலும் சான்றாக நிற்கும். அதனால் ஆபத்து வந்த பிறகு எண்ணத் தொடங்காதீர்கள். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லும் ஆசையும் வரும். நல்ல காரியத்துக்குத்தானே என்று தோன்றும். ஒரே ஒரு பொய் எண் அகப்பட்டால் உண்மையான முந்நூறும் சேர்ந்து சரியும். சுற்றியிருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே மீன்பிடிப்பவர், மாடு மேய்ப்பவர், காலையில் நடப்பவர், இவர்களுக்குத் தெரிந்தது உங்கள் குறிப்பேட்டில் பாதி இடத்தை நிரப்பும். அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்த்துப் பேசத் தொடங்கும் நோக்கர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதத்தில் அவர்களுக்கு எதிரிகள் மட்டுமே மிஞ்சினார்கள்.

ஆண்டுக்கு ஒரு நாள்தான் நேரம் கிடைக்கும். பரவாயில்லையா?

பரவாயில்லை. 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, பறவைகளைச் சுட்டுக் குவிக்கும் பண்டிகைப் போட்டிக்கு மாற்றாக, எண்ணிப் பார்க்கலாமே என்று அமெரிக்கப் பறவையியலாளர் பிராங்க் சாப்மன் அழைத்தார். முதல் ஆண்டில் வந்தவர்கள் 27 பேர். இன்றும் ஆண்டுதோறும் அந்தக் கணக்கெடுப்பு நடக்கிறது. பல்லாயிரம் பேர் கலந்துகொள்கிறார்கள். அப்படி ஒன்றில் சேர்ந்துகொள்ளுங்கள், அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குப் போங்கள்.

குறிப்பேடு நிரம்பிவிட்டது. இனி என்ன செய்வது?

அட்டையில் தொடக்க நாள், முடிவு நாள், இடத்தின் பெயர் எழுதுங்கள். பக்கங்களைப் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். என்னுடைய மூன்றாவது குறிப்பேடு மழையில் கூழானது. அந்தப் பதினோரு மாதங்கள் எனக்கு இல்லை. பொதுத் தளத்தில் ஏற்றக்கூடியவற்றை ஏற்றுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது, பழைய தாளோடு சேர்த்து இதைப் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். புதிய குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், பழையதில் கடைசியாக எழுதிய வரியைத் திரும்ப எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.